முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
11 மார்ச் 2024

கஸ்பார் அண்ணனுக்கு, உங்கள் தங்கச்சி பெனிட்டா எழுதுவது.

போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. மைனி எடுத்து, "அவங்க வெளிய போயிருக்காங்க பெனி" என்கிறார். வெளியே எங்கே போக முடியும் உங்களால்? வாசல்படி வரைக்குமா? கிளாரா மைனிக்குப் பொய் சொல்ல வராது. அவரைப் போய் இந்தப் பாடு படுத்துகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கப்பல் பேன்ட்ரியில் வேலை பார்க்கிற உதயசூரியன் அண்ணாச்சி வியாழக்கிழமை கேம்பல் பேக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கோபம் எதற்கென்று தெரியும். ஸ்கேன் எடுத்த அன்று மைனியிடம் நான் போனில் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டீர்கள். "அண்ணனுக்கு இனி கடல் கிடையாது மைனி" என்றேன். சொன்னது சொன்னதுதான். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. வள்ளத்து இஞ்சினைத் தோளில் சுமந்து மணலில் ஏற்றும்போது படக்கென்று சத்தம் கேட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்த வேலைக்குத் திரும்பப் போகலாம் என்று எந்த வாயால் சொல்வேன்? மறுநாளே கப்பல் ஏறிவிட்டீர்கள். உங்களுக்காக வைத்த சூரைக் குழம்பை மூன்று நாள் நானே தின்றேன்.

ஆனால் டாக்டர் சொன்னதை நீங்கள் முழுசாகக் கேட்கவில்லை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியில் சரியாகிறதா பார்ப்போம் என்றார். பயிற்சி என்றதும் தண்டால் எடுப்பது என்று நினைக்காதீர்கள். உங்கள் கையிலும் காலிலும் பலம் இல்லாமல் இல்லை. நங்கூரம் பிடிக்காத இடத்தில் நின்று வலையை இழுத்தால் என்ன ஆகும்? வலை வராது, வள்ளம்தான் வலையிடம் போகும். உங்கள் இடுப்பு இப்போது அப்படித்தான் இருக்கிறது. முதுகெலும்பைச் சுற்றி உள்ளே ஆழத்தில் சின்னச் சின்னத் தசைகள் உண்டு. கை அசைவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவை இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். வலி வந்த பிறகு அவை தூங்கிவிடுகின்றன. முதலில் அவற்றை எழுப்ப வேண்டும். நடப்பது, குனிவது, தூக்குவது எல்லாம் அதற்கப்புறம்.

முதல் பாடம்: பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு ஏறக்கூடாது, வயிறும் விலாவும் அகல வேண்டும். மூச்சு விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு சாதாரணமாக மூச்சு விடுங்கள். அவ்வளவுதான். களைப்பு வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள்.

கோபம் இருக்கட்டும். மூச்சை மட்டும் நான் சொன்னபடி விடுங்கள்.

பெனி

---

கேம்பல் பே
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

பெனி,

கிழிக்கவில்லை. கிளாரா முதலில் படித்துவிட்டாள், அதனால் கிழித்துப் பயனில்லை.

மூச்சு விடுவதற்கும் காலேஜ் போய்ப் படிக்க வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது. பிறந்ததிலிருந்து தப்பாகவே விட்டுக்கொண்டிருக்கிறேன் போல. சரி, செய்கிறேன். பாயில் படுத்து வயிற்றை இழுத்துப் பிடித்தால் கிளாரா வளர்க்கிற கோழிகள் வந்து, இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கின்றன. இன்று குருத்தோலை பவனிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். நான் பாயில் கிடந்து மூச்சு விட்டேன்.

என் வள்ளத்துக் கூட்டாளி அழகர்சாமி தினமும் வந்து கேட்கிறான். "என்ன பாய், கப் ஆயேகா, எப்ப வருவ? ஒத்த ஆளா நான் எத்தன நாளைக்கு ஓட்டுறது?" அவனுக்கு என்ன பதில் சொல்ல? என் தங்கச்சி மூச்சு விடச் சொல்லியிருக்கிறாள் என்றா?

நீ சொன்னது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்பா செத்த அன்றுகூட நான் அப்படி இடிந்து நிற்கவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது. மாடியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்க எனக்கு யார் வேலை தருவார்கள்? கடலை என்னிடமிருந்து எடுக்கிற அதிகாரத்தை யார் உனக்குக் கொடுத்தது?

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நீ சொல்கிற பயிற்சியெல்லாம் செய்கிறேன். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் வள்ளத்தை இறக்கும்போது, "போகலாம்" என்று உன் வாயால் சொல்வாயா? எழுத்தில் கொடு.

இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். தூங்கும்போதும்.

கஸ்பார்

---

டெய்ரி ஃபார்ம்
9 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

பெல்ட்டைக் கழற்றி முதலில் கோழிக்கூட்டில் போடுங்கள். வெளியிலிருந்து ஒன்று பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற தசை எதற்கு எழுந்திருக்கும்? எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு குட்வில் எஸ்டேட்டிலிருந்து வருகிற ஆபீசர்களிடமும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தவிர்க்க முடியாத வேலைக்கு மட்டும் கட்டலாம். தூக்கத்தில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?

எழுத்தில் கேட்டீர்கள், தருகிறேன். அக்டோபரில் நானே கப்பல் ஏறி வருவேன். கீழே சொல்கிற பயிற்சியை என் கண் முன்னால் சரியாகச் செய்து காட்டினால், "வள்ளத்தில் ஏறுங்கள்" என்று என் வாயாலேயே சொல்வேன். இஞ்சினை மட்டும் அழகர்சாமி அண்ணன் சுமக்கட்டும்.

பயிற்சி இது. தரையில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, மாடு நிற்பது மாதிரி நில்லுங்கள். மைனியை இடுப்புக்கு மேலே, முதுகின் அடிப்பகுதியில், ஒரு டம்ளர் தண்ணீரை வைக்கச் சொல்லுங்கள். பாதி டம்ளர் போதும். அடிவயிற்றை முன்பு மாதிரி பிடித்துக்கொண்டு, வலது கையை முன்னால் நீட்டுங்கள். பிறகு இடது காலைப் பின்னால். அடுத்து இரண்டையும் சேர்த்து. தண்ணீர் சிந்தக்கூடாது. கை கால் அசையலாம், நடு உடம்பு அசையக்கூடாது. நடையில், குனிவதில், நிமிர்வதில் எல்லாம் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

ஒரு நிபந்தனையும் உண்டு. காலில் வலி கூடினாலோ, எங்காவது மரத்துப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்படி ஆனால் மறுபடி முதல் பாடம், மூச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அக்டோபரும் தள்ளிப்போகும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் பிடிவாதத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது.

ஈஸ்டருக்குச் செய்த கேக்கை அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். பேன்ட்ரியில் தொலையாமல் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பெனி

---

கேம்பல் பே
5 மே 2024

பெனி,

கேக் பாதிதான் வந்தது. அதுவும் நன்றாக இருந்தது.

பெல்ட்டை எடுத்தாயிற்று. முதல் வாரம் தண்ணீர் முழுவதும் என் முதுகிலும் கிளாராவின் சேலையிலும்தான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது கையை நீட்டினால் சிந்துவதில்லை. காலை நீட்டினால் கொஞ்சம் சிந்துகிறது. நேற்று அழகர்சாமி வந்தபோது செய்து காட்டினேன். "அரே வா, சர்க்கஸ்ல சேந்துரலாம்" என்றான். கால் வலி முன்பு கணுக்கால் வரை இருந்தது, இப்போது தொடையோடு நிற்கிறது. கடைவீதி வரை நடந்து வந்தேன். நீ சொன்னது சரிதான் என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ வள்ளத்தில் நின்று பார்த்ததில்லை, அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். கடலில் வள்ளம்தான் ஆடும், நான் ஆடியதில்லை. நானாக எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அலை வருவது காலுக்குத் தெரியும், இடுப்பு தானாகச் சேர்ந்துகொள்ளும். இங்கே சிமென்ட் தரை சும்மா கிடக்கிறது, அதன் மேல் நான் மாடு மாதிரி நின்று யோசித்து யோசித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீ சொல்கிற தூங்குகிற தசையெல்லாம் கடலில்தான் முழிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மழை இன்னும் வலுக்கவில்லை. கடல் தெளிவாக இருக்கிற ஒரு நாள், மீன் பிடிக்க இல்லை, சும்மா வள்ளத்தில் போய் நின்றுவிட்டு வந்தால் என்ன? ஒரு மாதப் பயிற்சி ஒரு காலையில் முடிந்துவிடும்.

யோசித்துச் சொல். கோபப்படாதே.

கஸ்பார்

---

டெய்ரி ஃபார்ம்
20 மே 2024

அண்ணனுக்கு,

கூடாது. கூடாது. மூன்றாம் தடவையும் எழுதுகிறேன், கூடாது.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆடுகிற இடத்தில் நிற்கும்போது உள் தசைகள் விழிக்கும். நாங்களும் கடைசிக் கட்டத்தில் நோயாளியைப் பந்தின் மேல் உட்கார வைத்து ஆட்டுவோம். அது கடைசிக் கட்டம் அண்ணே. முன்பு உங்கள் இடுப்பு தானாகச் சேர்ந்துகொண்டது, வாஸ்தவம். அந்த இடுப்பு இப்போது உங்களிடம் இல்லை. கால் வலி தொடை வரைக்கும் ஏறி நிற்பது நல்ல அடையாளம். பிதுங்கிய வட்டு கொஞ்சம் அடங்குகிறது. இந்த நேரத்தில் ஒரு அலை தூக்கிப் போட்டு நீங்கள் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தால் எல்லாம் போச்சு.

நீங்கள் ஏற்கெனவே போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மைனி போனில் பிடிகொடுக்காமல் பேசுகிறார். "நல்லாத்தான் இருக்காக பெனி" என்கிறார், குரல் நன்றாக இல்லை. பயிற்சியை விட்டுவிட்டீர்களா? விட்டிருந்தால் விட்டுவிட்டேன் என்று எழுதுங்கள். சோம்பேறித்தனத்துக்கு மருந்து என்னிடம் இல்லை.

வேறு ஏதாவது தொந்தரவு இருந்தாலும் எழுதுங்கள். எந்தத் தொந்தரவாக இருந்தாலும். என்ன சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். எழுதச் சங்கடமாக இருந்தால் மைனியை எழுதச் சொல்லுங்கள்.

பெனி

---

கேம்பல் பே
12 ஜூன் 2024

பெனி,

சோம்பேறி என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் எத்தனை வயதிலிருந்து வலை இழுக்கிறான் என்று கிளாராவைக் கேள். பயிற்சி தினமும் நடக்கிறது. டம்ளர் இப்போது சிந்துவதே இல்லை. கையும் காலும் சேர்த்து நீட்டினாலும் சிந்துவதில்லை. அக்டோபரில் வந்து பார்.

தொந்தரவு ஒன்றும் கிடையாது. வலிகூடக் குறைந்துவிட்டது. அடிக்கடி எழுந்து போவது சிரமமாக இருப்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன், அதுவே நல்லதாகப் போயிற்று.

சிரிப்பதற்கு ஒன்று எழுதுகிறேன். போன வாரம் கிளாரா ஒத்தடத்துக்குச் செங்கலைச் சுடவைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். நான் அதை அடியில் போட்டு உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கருகின வாசனை. அடுப்பில்தான் ஏதோ தீய்கிறது என்று கிளாராவைச் சத்தம் போட்டேன். அவள் ஓடி வந்து பார்த்து, "என்னங்க இது, கைலி பொசுங்கிப் போயி கெடக்கு, எந்திரிங்க!" என்று கத்துகிறாள். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வள்ளத்துப் பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் தடித்துவிட்டது போல. மீன்காரன் தோல் அப்படி.

மழை பிடித்துக்கொண்டது. கப்பல் எப்போது கிளம்பும் என்று உதயசூரியனுக்கே தெரியவில்லை.

கஸ்பார்

---

போர்ட் பிளேர்
26 ஜூன் 2024

அண்ணே,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் கைக்கு வந்தது. மழையில் கப்பல் இரண்டு தடவை ரத்தாகிவிட்டதாம். படித்த நிமிஷத்திலிருந்து போன் போடுகிறேன். உங்களுக்கும் போகவில்லை, மைனிக்கும் போகவில்லை. கேம்பல் பே முழுக்க நெட்வொர்க் இல்லை என்கிறார்கள். நாளைக் காலை ஹெலிகாப்டரில் அங்கே டூட்டிக்கு வருகிற ஹரிஹரன் சாரிடம் இதைக் கொடுக்கிறேன். படித்த உடனே அங்கிருக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். உடனே என்றால் உடனே. அதே ஹெலிகாப்டரில் திரும்பி வாருங்கள்.

தோல் தடித்ததில்லை அண்ணே. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது.

மே மாதமே கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். சிறுநீர் வரவேண்டும் என்ற உணர்வு தெரிகிறதா? போக உட்கார்ந்தால் வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா? தெரியாமல் சொட்டுகிறதா, துணி நனைகிறதா? மலம் போவது தெரிகிறதா? தொடைகளின் உள்பக்கம், உட்காரும் இடம், ஆணுறுப்பு, இங்கெல்லாம் தொட்டால் தெரிகிறதா? எது எது, எப்போதிலிருந்து?

தண்டுவடத்தின் அடியில் ஒரு கற்றை நரம்பு தொங்குகிறது. இதெல்லாம் அதன் வேலை. வட்டு அதை முழுசாக நசுக்கினால் ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் திரும்பாது. வலி குறைந்தது நல்லதுக்கு இல்லை.

பயிற்சியை நிறுத்துங்கள். டம்ளரும் வேண்டாம், அக்டோபரும் வேண்டாம். வாருங்கள்.

பெனி

---

கப்பலில், பங்க் கிளாஸ்
1 ஜூலை 2024

பெனி,

இதைக் கப்பல் அணைகிற ஜெட்டியில் உன் கையில் கொடுப்பேன். என் முன்னால் படிக்காதே. நீ கேட்டதற்கெல்லாம் நேரில் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. கப்பல் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

மே மாதம் உன் "கூடாது" வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. வள்ளத்தில் நின்றேன். பெனி, இடுப்பு சேர்ந்துகொண்டது. நான் சொன்ன மாதிரியே. அழகர்சாமியைப் பார்த்துச் சிரித்தேன். திரும்பும்போது கரையோரத்து அலை ஒன்று தூக்கிப் போட்டது, பலகையில் உட்கார்ந்தேன். நீ எழுதின மாதிரியே. அன்று ராத்திரியே உட்காருகிற இடம் மரத்துப் போனது.

மரத்துப் போனால் முதல் பாடத்திலிருந்து என்று நீ எழுதியிருந்தாய். அக்டோபர் தள்ளிப்போகும் என்று. வலியும் இல்லை, டம்ளரும் சிந்தவில்லை, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். உணர்வு இல்லை. உட்கார்ந்தால் வருவதில்லை, பிறகு தெரியாமல் சொட்டுகிறது. ஜூன் ஆரம்பத்திலிருந்து. மலம் போவதும் தெரிவதில்லை. தொட்டாலும் தெரிவதில்லை, எல்லா இடத்திலும். கிளாரா துணியை யாரும் எழும்புவதற்கு முன்னால் துவைத்துவிடுவாள். "பெனிகிட்ட சொல்லுங்க, டாக்டருக்குப் படிச்ச புள்ள, அதுகிட்ட என்ன வெக்கம்" என்று அழுதாள். நான் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நீ என் தங்கச்சி. உன்னைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவன் நான். உன்னிடம் இதை எப்படிச் சொல்வேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது. ஹரிஹரன் சார் கடிதத்தைக் கொடுத்தபோது ஹெலிகாப்டர் அங்கேதான் நின்றது. படித்தேன். ஆஸ்பத்திரியில் இருப்பது சின்ன வயசு டாக்டரம்மா. நீ எழுதியிருந்த வார்த்தைகளோடு அந்தக் காகிதத்தை அவரிடம் நீட்ட முடியவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மதியம் கிளாரா பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு ஓடினாள். டாக்டரம்மா உடனே என்னை ஹெலிகாப்டரில் அனுப்பச் சொல்லி எழுதினார். அதற்குள் அது போய்விட்டது. அதன் பிறகு மழை விடவில்லை. இந்தக் கப்பல்தான் கிடைத்தது.

மேல் படுக்கையில் ஒரு குழந்தை விடாமல் வாந்தி எடுக்கிறது. கிளாரா அதற்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இடது காலை இப்போது தூக்க முடியவில்லை.

படித்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்காதே. டாக்டரிடம் கொடுத்துவிடு.

கஸ்பார்

---

டெய்ரி ஃபார்ம்
14 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இங்கே இருந்தவரை என்னோடு நாலு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆபரேஷன் முடிந்து நான் உங்கள் காலைப் பிடித்து அசைக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டீர்கள். எழுதினால்தான் நமக்குப் பேச வரும் போலிருக்கிறது.

டாக்டரை நேற்று மறுபடி பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். வரவேண்டிய உணர்வு இதற்குள் கொஞ்சமாவது தலைகாட்டியிருக்க வேண்டும் என்கிறார். கணுக்கால் தூக்காது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் இழுத்து இழுத்து நடக்கலாம், அது போகப் போக இன்னும் கொஞ்சம் சுலபமாகலாம். சிறுநீருக்குக் குழாயும் பையும்தான், கடைசி வரைக்கும். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

என் கிளினிக்கில் முதுகுவலி என்று வருகிற ஒவ்வொரு ஆணிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம், சோறு சாப்பிட்டீர்களா என்று கேட்பது மாதிரி. உங்களிடம் "வேறு ஏதாவது தொந்தரவு" என்று எழுதினேன். எனக்கு என் மேல் வருகிற ஆத்திரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் மேலும் ஆத்திரம் வருகிறது. ஒரு காலை நேரம், அண்ணே. ஹெலிகாப்டர் கண் முன்னால் நின்றிருக்கிறது. ஏறியிருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அக்டோபரில் வருவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். வரவில்லை. வந்து என்ன சொல்ல?

உட்கார்ந்து செய்கிற பயிற்சி தருகிறேன். நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து, மூச்சை முதல் பாடத்தில் சொன்னபடி விட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் தூக்குங்கள். பலன் வரும் என்று சொல்லவில்லை. விழாமல் இருக்க உதவும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மைனி உங்களைப் புரட்டி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உணர்வில்லாத இடத்தில் புண் வரும்.

பெனி

---

கேம்பல் பே
8 டிசம்பர் 2024

பெனி,

வள்ளத்தை அழகர்சாமிக்கே கொடுத்துவிட்டேன். கரையில் கிடந்தால் வெயிலில் வெடித்துவிடும். அவன் வாங்கமாட்டேன் என்று நின்றான், கிளாரா பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். அப்புறம் அவன் ஒரு பிடிவாதம் பிடித்தான். "ஒரு வாட்டி நீ ஏறணும் பாய். நீ ஏறாம நான் எடுக்க மாட்டேன்."

போன செவ்வாய்க்கிழமை அவனும் இன்னொருவனும் என்னைத் தூக்கி நடுப்பலகையில் உட்கார வைத்தார்கள். தலையணை போட்டு, விழாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். மே மாதம் மாதிரியே கடல் தெளிவாக இருந்தது. கரையை விட்டு வந்ததும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவன் பயந்தான், நான் அதட்டினேன், அவிழ்த்தான்.

நான் விழவில்லை பெனி. அலை பக்கவாட்டில் வந்தது, இடுப்பு சேர்ந்துகொண்டது. நீ சொன்ன உள் தசையெல்லாம் முழித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீ போட்டுக் கொடுத்த அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது. சிமென்ட் தரையில் மாடு மாதிரி நின்று நான் பண்ணினது வீண் போகவில்லை. அதன் மேல் நிற்பதற்குக் கால்தான் இல்லை. உட்கார்ந்திருக்கிற பலகையும் எனக்குத் தெரியவில்லை. காற்றின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேலே பாதி ஆள் கடலில் இருந்தான், கீழே பாதி ஆளை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தான். அழுதேன், மறைக்கவில்லை.

வள்ளத்தில் ஆம்பிளைகள் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்கம் போய்க் கடலைப் பார்த்து நிற்பார்கள். பிடிக்க எதுவும் இருக்காது. ஆடுகிற பலகையில் இடுப்புதான் பிடி. ஆறு வயதில் அப்பா எனக்கு முதலில் பழக்கினது அதுதான், வலை இழுப்பதெல்லாம் பிறகு. அழகர்சாமி எழுந்து பின்பக்கம் போய் நின்றான். பாதியில் என் ஞாபகம் வந்து, கூச்சப்பட்டு, பாதியிலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். கரை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தான். என் பை பாட்டுக்கு நிறைந்துகொண்டிருந்தது.

பார், இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன். ஜூனில் இதில் நாலு வரி எழுத முடியவில்லை. இனி வெட்கம் என்று ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன்.

பயிற்சி செய்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கும்போது கிளாரா டம்ளரைத் தலையில் வைக்கிறாள். சிந்துவதில்லை. அதைப் பார்க்க இனி யாரும் கப்பல் ஏறி வரப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் செய்கிறேன். வேறு என்ன செய்ய? பகல் நீளமாக இருக்கிறது.

குழாயும் பையும் இங்கே ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிட்டன. மெயின்லேண்டிலிருந்து வர ஜனவரி ஆகுமாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கப்பல் இருக்கிறது. கொஞ்சம் வாங்கி உதயசூரியன் கையில் கொடுத்தனுப்பு. அழகர்சாமிதான் ஜெட்டிக்குப் போய் வாங்கி வருவான்.

பொட்டலத்தின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதே. கேக் என்று எழுது.

கஸ்பார்